நாகர்கோவிலில் பவளத் தொட்டி: மீன்கள் நலமாக இருக்க, மென்பவளங்கள் மட்டும் சுருங்குவது ஏன்?

வடசேரி_வளர்ப்பாளர் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். நாகர்கோவில் வடசேரியில் என் வீட்டின் முன்னறையில் உப்புநீர்ப் பவளத் தொட்டி ஒன்றைப் பராமரித்து வருகிறேன். நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் கொண்ட தொட்டி. கீழே தனிச் சம்ப் (நீர் சுழன்று வரும் துணைத் தொட்டி), அதில் ஸ்கிம்மர் (நுரையோடு கழிவைப் பிரித்தெடுக்கும் கருவி). கல்லும் மணலும் அடைத்துக்கொள்ளும் இடத்தைக் கழித்தால் ஏறத்தாழ 220 லிட்டர் நீர் சுழல்கிறது. ஒரு சோடி கோமாளி மீன்கள், இரண்டு டேம்சல் மீன்கள், ஒரு கிளீனர் இறால், சில நத்தைகள் இருக்கின்றன. பவள வகையில் ஒரு லெதர் கோரல், சில மஷ்ரூம்கள், இரண்டு ஜோயாந்தஸ் கொத்துகள் ஆகிய மென்பவளங்கள் மட்டுமே. பாறை கட்டும் வன்பவளம் எதுவும் இல்லை.

சித்திரை வெயிலில் தொட்டி நீரின் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டியதால் மேலே இரண்டு மின்விசிறிகளைப் பொருத்தினேன். வெப்பம் 28க்கு இறங்கியது. ஆனால் அதற்குப் பின் வந்த வாரங்களில் லெதர் கோரல் தன் நுண்விரல்களை வெளியே நீட்டுவதைப் படிப்படியாக நிறுத்திவிட்டது. ஜோயாந்தஸ்கள் பகலிலும் மூடியே கிடக்கின்றன. நத்தைகள் கண்ணாடியிலிருந்து கழன்று மல்லாந்து விழுகின்றன. எடுத்து நிமிர்த்தி வைத்தாலும் மறுபடி ஏற முயல்வதில்லை. இதே நேரத்தில் கற்களின் மேல் பச்சை முடிப்பாசி அடர்ந்து வளர்கிறது. மீன்களோ எந்தக் குறையும் இல்லாமல் தீனி எடுக்கின்றன. அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் சோதனையில் பூச்சியம்.

வாங்கிய கடையில் கேட்டபோது, ஒளி போதவில்லை, விளக்கைக் கூட்டுங்கள், கால்சியமும் அயோடினும் ஊற்றுங்கள் என்று சொன்னார்கள். மீன்கள் நலமாக இருக்கும் நீரில் பவளங்கள் மட்டும் வாடுவதற்கு ஒளிதான் காரணமா, அல்லது நான் பார்க்காத வேறு ஏதேனும் இருக்கிறதா என்று அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன். பருவமழை தொடங்கிவிட்ட நிலையில் கடல்நீர் எடுத்து வருவது பற்றியும் எனக்கு ஐயம் இருக்கிறது.

தக்கலை_ஆசிரியை:

வணக்கம் தம்பி. எதையும் ஊற்றுவதற்கு முன் சில செய்திகள் வேண்டும். உப்பளவு எவ்வளவு, அதை எந்தக் கருவியால் அளக்கிறீர்கள்? ஆவியாகிக் குறையும் நீருக்குப் பதிலாக எதை ஊற்றுகிறீர்கள்? ஆல்கலினிட்டி (அமிலத்தைச் சமன்செய்யும் நீரின் திறன்), கால்சியம், நைட்ரேட், பாஸ்பேட் ஆகியவற்றின் அளவு என்ன? விளக்கைக் கூட்டுவதை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். வாடியிருக்கும் பவளத்தின் மேல் திடீரென ஒளியைக் கூட்டினால் அதனுள் வாழும் ஒற்றைச்செல் பாசிகள் வெளியேறி அது வெளிறிப்போகக் கூடும்.

வடசேரி_வளர்ப்பாளர்:

நன்றி அக்கா. முள் அசையும் வகை ஹைட்ரோமீட்டரில் 1.025 காட்டுகிறது, அது இயல்பான கடல்நீரின் அடர்த்தி. நீங்கள் கேட்ட பின்னர் நண்பர் ஒருவரிடம் ரிஃப்ராக்டோமீட்டர் (ஒளிவிலகலால் உப்பளவு காட்டும் கருவி) இரவல் வாங்கிப் பார்த்தேன். அது ஆயிரத்துக்கு 41 பங்கு என்று காட்டுகிறது. எதை நம்புவது என்று தெரியவில்லை. ஆல்கலினிட்டி அதன் அலகான டி.கே.எச். கணக்கில் 7.9; லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் கால்சியம் 480, நைட்ரேட் 40, பாஸ்பேட் 0.25. விசிறி வைத்ததிலிருந்து நாளொன்றுக்கு மூன்று லிட்டர் அளவுக்கு ஆவியாகிறது. டிரம்மில் கடல்நீர் இருக்கும் நாட்களில் அதையும், இல்லாத நாட்களில் வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீரையும் ஊற்றி மட்டத்தைச் சரிசெய்கிறேன்.

தக்கலை_ஆசிரியை:

காரணம் உங்கள் பதிலிலேயே இருக்கிறது. தொட்டியிலிருந்து ஆவியாகிப் போவது வெறும் நீர் மட்டுமே. உப்பு முழுவதும் உள்ளேயே தங்கிவிடுகிறது. அந்த இடத்தைக் கடல்நீரால் நிரப்பினால் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு புதிதாகச் சேர்கிறது. மூன்று லிட்டருக்கு 105 கிராம். அதை 220 லிட்டரில் பரப்பினால் ஒரே நாளில் உப்பளவு ஆயிரத்துக்கு ஏறக்குறைய அரை பங்கு கூடுகிறது. இப்படிப் பன்னிரண்டு, பதின்மூன்று நாட்கள் ஊற்றினாலே 35இல் இருந்த நீர் 41ஐத் தொட்டுவிடும். இடையிடையே கிணற்று நீரை ஊற்றியதால் உங்களுக்கு அது பல வாரங்களில் நடந்திருக்கிறது. விசிறி வைக்கும் முன்பு ஆவியாதல் குறைவாக இருந்ததால் இந்த ஏற்றம் மெதுவாக இருந்திருக்கும், கண்ணுக்குத் தெரிந்திருக்காது.

இரண்டு கருவிகளில் ரிஃப்ராக்டோமீட்டரைத்தான் நான் நம்புவேன், அதையும் ஒருமுறை சரிபார்த்த பிறகு. முள் வகை ஹைட்ரோமீட்டரில் முள்ளின் மேல் உப்பும் சுண்ணாம்பும் படிந்தால் முள் கனத்துவிடும், அளவு குறைவாகக் காட்டும். காற்றுக்குமிழ் ஒட்டினால் அதற்கு நேர்மாறாகக் கூடுதலாகக் காட்டும். உங்களுடையதில் படிவுதான் இருக்க வேண்டும். ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் தூய நீரில் பூச்சியம் பார்த்தால் போதாது. அதைக் கடல்நீரின் அளவிலேயே சரிபார்க்க வேண்டும். 35 பங்குக்குரிய திரவம் கிடைக்காவிட்டால், அயோடின் சேர்க்காத தூய உப்பு 36.5 கிராம் எடுத்து, தூய நீர் சேர்த்து மொத்த எடை ஒரு கிலோவாக வரும்படி கரையுங்கள். அந்தக் கரைசல் ரிஃப்ராக்டோமீட்டரில் 35 என்று காட்ட வேண்டும். இல்லையென்றால் திருகைத் திருப்பிச் சரிசெய்யுங்கள்.

மீன்கள் ஏன் நலமாக இருக்கின்றன என்று கேட்டிருந்தீர்கள். எலும்புள்ள கடல் மீன்கள் தம் உடல்நீரின் உப்பளவைக் கடல்நீரின் மூன்றில் ஒரு பங்கு அளவில் தாமே கட்டுப்படுத்தி வைத்துக்கொள்கின்றன. கடல்நீரைக் குடித்து, மிகுதியான உப்பைச் செவுள்கள் வழியாக வெளியேற்றுவதற்கான உறுப்பமைப்பு அவற்றுக்கு உண்டு. பவளங்களுக்கும் நத்தைகளுக்கும் அப்படிப்பட்ட காவல் இல்லை. சுற்றியுள்ள நீரின் உப்பளவு எதுவோ அதுவே அவற்றின் உடலுக்குள்ளும். ஆகவே மீனைப் பார்த்து நீரை மதிப்பிடுவது பவளத் தொட்டியில் பெரும் பிழைக்கு இட்டுச் செல்லும். உங்கள் தொட்டியில் முதலில் சேதி சொன்னவை நத்தைகளே.

இனிச் செய்ய வேண்டியது. அவசரப்பட்டு ஒரே நாளில் 35க்கு இறக்கிவிடாதீர்கள். வாரக்கணக்கில் ஏறிய உப்புக்கு உடல் ஓரளவு பழகியிருக்கும் உயிர்களுக்குத் திடீர் இறக்கம் ஏற்றத்தைவிடக் கொடியது. நாளொன்றுக்கு ஒரு பங்குக்கு மேல் இறக்க வேண்டாம். உங்கள் 220 லிட்டரில் 41ஐ 40 ஆக்க, ஐந்தரை லிட்டர் தொட்டி நீரை எடுத்துவிட்டு அதே அளவு உப்பில்லாத தூய நீரைச் சம்பில் சொட்டுச் சொட்டாக விட்டால் போதும். அன்றாடம் ஆவியாகும் மூன்று லிட்டருக்கும் தூய நீரைத் தனியாக ஊற்றுங்கள். தினமும் ஒரே நேரத்தில் அளந்து எழுதி வையுங்கள். ஏதாவது ஒரு நாள் பவளங்கள் மேலும் சுருங்கினால் அன்று இறக்குவதை நிறுத்தி, மறுநாள் தொடருங்கள்.

கால்சியம் 480 என்பது பார்வைக்கு அதிகமாகத் தோன்றினாலும், அது உப்பு ஏறியதன் நிழல்தான். 35 பங்குக் கடல்நீரில் கால்சியம் ஏறத்தாழ 410. அதுவே 41 பங்கில் 480 ஆகிறது. உப்பு இறங்கும்போது அது தானாகவே 410க்கு வந்துவிடும். எனவே கடையில் சொன்ன கால்சியம் உங்களுக்குத் தேவையே இல்லை. சோதனை செய்யும் கருவி கையில் இல்லாத எதையும் தொட்டியில் ஊற்றக் கூடாது. அயோடின் அந்த வகையில் சேரும். ஆல்கலினிட்டிதான் கவனிக்க வேண்டியது. இப்போதைய 7.9, உப்பு இறங்கிய பின் 6.7 அளவில் நிற்கும். அது குறைவு. அப்போது சமையல் சோடாவால், அதாவது நாம் ஆப்ப மாவில் போடும் சோடாவால், உயர்த்தலாம். 220 லிட்டரில் ஒரு டி.கே.எச். உயர்த்த ஆறரை கிராம் சோடா தேவைப்படும். அதைத் தூய நீரில் முழுமையாகக் கரைத்து, நீரோட்டம் மிகுந்த இடத்தில் மெல்ல ஊற்ற வேண்டும்; ஒரு நாளில் ஒரு டி.கே.எச்.சுக்கு மேல் உயர்த்தக் கூடாது. கேக் செய்யும் பேக்கிங் பவுடர் வேறு பொருள். அதில் அமில உப்புகளும் மாவும் கலந்திருக்கும். அதைத் தொடவே தொடாதீர்கள்.

மார்த்தாண்டம்_தொட்டி:

ஆசிரியை அவர்கள் சொன்ன ‘தூய நீர்’ என்பதை நான் சற்று விரிக்க விரும்புகிறேன், ஏனென்றால் பெரும்பாலானோர் தடுமாறும் இடம் இதுதான். வீட்டுக் குடிநீர் ஆர்.ஓ. கருவியிலிருந்து வரும் நீரைத் தூய நீர் என்று எண்ணிவிடுகிறோம். குடிப்பதற்குச் சுவை வேண்டும் என்பதற்காகப் பல கருவிகளில் டி.டி.எஸ்., அதாவது நீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு, கட்டுப்படுத்தி என்ற ஒரு திருகு உண்டு. அது சவ்வு வழியாக வராத நீரில் ஒரு பகுதியைத் திரும்பக் கலந்துவிடுகிறது. சிலவற்றில் தாதுக்களைச் சேர்க்கும் குழலும் இருக்கிறது. அந்தத் திருகை முழுவதும் மூடி, தாதுக்குழலைத் தவிர்த்து, சவ்வுக்குப் பின் நேராக, மிஞ்சிய உப்புகளையும் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. ரெசின் குழல் ஒன்றை இணைத்து, டி.டி.எஸ். மீட்டர் பூச்சியம் காட்டும் நீரையே தொட்டிக்குப் பயன்படுத்துங்கள். மீட்டர் பூச்சியத்திலிருந்து நகரத் தொடங்கும் நாளில் ரெசினை மாற்றிவிட வேண்டும்.

கிணற்று நீரை நாள்தோறும் ஊற்றும்போது, நீர் ஆவியாகிப் போக, அதிலிருந்த நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கேட் எல்லாம் தொட்டியிலேயே தங்கிச் சேர்ந்துகொண்டே போகின்றன. உங்கள் முடிப்பாசிக்கு ஒரு பாதி விளக்கம் இது. மறுபாதி தீனியாக இருக்கும். உறைய வைத்த தீனியை உருகிய சாற்றோடு சேர்த்தே போடுகிறீர்களானால், அதை ஒரு வலையில் வடித்து, தொட்டி நீரில் ஒருமுறை அலசிவிட்டுப் போடுங்கள். நீர் மாற்றுவதால் மட்டும் இந்த அளவுகள் இறங்காது என்பதற்குக் கணக்கே போதும்: பத்து விழுக்காடு நீரை மாற்றினால் நைட்ரேட் 40இலிருந்து 36க்குத்தான் வரும். வரவை அடைக்காமல் செலவை மட்டும் கூட்டுவதால் பயனில்லை. முதலில் ஊற்றும் நீரையும் தீனியையும் சரிசெய்து, பாசியைக் கையால் பிடுங்கி வெளியேற்றுங்கள். பாசி தன்னுள் எடுத்துக்கொண்ட பாஸ்பேட்டும் அதோடு வெளியே போய்விடும்.

பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்புத் துகள்களை வாங்கி நிறையப் போட்டு ஒரே வாரத்தில் பூச்சியமாக்கிவிடலாம் என்று தோன்றும். அவ்வாறு செய்ய வேண்டாம். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் முற்றிலும் இல்லாத நீரில் பவளங்கள் பட்டினி கிடக்கும். அந்த வெற்றிடத்தில் டைனோஃபிளாஜெல்லேட் என்னும் பழுப்பு நிற வழுவழுப்புப் படலம் பிடித்துக்கொண்டால் அதை விரட்டுவது முடிப்பாசியை விரட்டுவதைவிடப் பல மடங்கு கடினம். நைட்ரேட் 5 முதல் 10 வரையிலும், பாஸ்பேட் 0.05 முதல் 0.1 வரையிலும் நின்றால் மென்பவளங்களுக்கு அது நல்ல நிலையே.

பாசியைப் பிடுங்கும்போது ஒரு எச்சரிக்கை, இதை யாரும் இலேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஜோயாந்தஸ், பாலிதோவா வகைகளில் சிலவற்றில் பாலிடாக்ஸின் என்னும் கடும் நஞ்சு உண்டு. கையில் காயத்தோடு அவற்றைத் தொடுவதும், தேய்க்கும்போது நீர் கண்ணில் தெறிப்பதும் ஆபத்தானவை. கையுறையும் கண்ணாடியும் அணியுங்கள். அவை ஒட்டியிருக்கும் கல்லைச் சுத்தம் செய்கிறேன் என்று கொதிக்கும் நீரில் போடவோ வெந்நீர் ஊற்றித் தேய்க்கவோ கூடாது. அந்த ஆவியை மூச்சில் இழுத்த குடும்பங்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட நிகழ்வுகள் பிற நாடுகளில் பதிவாகியிருக்கின்றன. சிறு குழந்தைகள் இருக்கும் வீட்டில் இந்தக் கல்லை அடுக்களைத் தொட்டியில் வைத்துக் கழுவுவதையும் தவிர்க்க வேண்டும்.

முட்டம்_கரையோரம்:

கடல்நீர் எடுப்பது பற்றி நீங்கள் கேட்டதற்கு நான் பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டில் தொழில் கடலோடுதான். நம் மாவட்டத்தில் கடலோரம் நெடுக இருந்தாலும் எல்லா இடத்து நீரும் தொட்டிக்கு ஆகாது. தேங்காப்பட்டணத்தில் குழித்துறை ஆறும், கடியபட்டணத்தில் வள்ளியாறும், மணக்குடியில் பழையாறும் கடலில் கலக்கின்றன. மழை தொடங்கிவிட்டால் இந்தக் கழிமுகங்களை ஒட்டிய கரைநீரில் நன்னீர் கலந்து உப்பளவு இறங்கும். வயல்வெளிகளில் இட்ட உரமும் ஊர்க்கழிவும் அதோடு வந்து சேரும். சின்னமுட்டம், முட்டம், குளச்சல், தேங்காப்பட்டணம் ஆகிய துறைமுகங்களின் உள்ளே எடுக்கவே கூடாது. டீசல் படலமும் படகின் அடிப்பகுதியில் பூசும் வண்ணமும் நீரில் இருக்கும். அந்த வண்ணங்களில் செம்புக் கலவை இருப்பது வழக்கம். செம்பு மிகச் சிறிய அளவிலேயே இறாலையும் நத்தையையும் பவளத்தையும் கொன்றுவிடும்.

நல்ல வழி, நாட்டுப்படகில் போகும் தெரிந்தவர் ஒருவரிடம் கேன்களைக் கொடுத்து, கரையை விட்டு விலகிய தெளிந்த நீரில் நிரப்பி வரச் சொல்வதே. விசைப்படகுகளுக்கு நம் மாவட்டத்தில் இரண்டு தடைக்காலங்கள் உண்டு. கிழக்குக் கரைப் பகுதிக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்குக் கரைப் பகுதிக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. வள்ளத்துக்கும் கட்டுமரத்துக்கும் அந்தத் தடை இல்லை. ஆனாலும் கடல் கொந்தளிக்கும் நாளில் உங்கள் கேனுக்காக யாரையும் கடலுக்கு அனுப்பாதீர்கள்.

தென்மேற்குப் பருவக்காற்று வலுத்திருக்கும் மாதங்களில் இன்னொன்றும் நடக்கிறது. ஆழத்திலிருந்து குளிர்ந்த, சத்து மிகுந்த நீர் நம் கரையோரம் மேலெழுகிறது. மீன்பாடு பெருகுவதற்கு அது காரணம். தொட்டிக்கு அதே நீர் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் மிதவை உயிர்களையும் சுமந்து வருகிறது. எனவே மாசி, பங்குனியில் கடல் அமைதியாகத் தெளிந்திருக்கும்போது எடுத்துச் சேமித்து வைப்பதும், மழைக்காலத்தில் தொட்டிக்கென்றே விற்கும் உப்பைத் தூய நீரில் கரைத்துக்கொள்வதும் நல்லது. எடுத்து வந்த நீரை மெல்லிய துணியில் வடிகட்டி, வெளிச்சம் புகாத மூடிய டிரம்மில், ஒரு சிறு பம்பால் அசைத்துக்கொண்டே இரண்டு வாரமாவது வையுங்கள். அடியில் படியும் வண்டலைக் கலக்காமல் மேல்நீரை மட்டும் எடுக்க வேண்டும். ஒவ்வொரு டிரம்மின் உப்பளவையும் அளந்த பிறகே பயன்படுத்துங்கள். கடல்நீர்தானே, 35 இருக்கும் என்று கொள்ளக் கூடாது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தொட்டியில் என்ன மணல் போட்டிருக்கிறீர்கள்? மணவாளக்குறிச்சி, சின்னவிளை பக்கத்துக் கருமணல் அழகாக இருக்கிறதென்று சிலர் அள்ளி வந்து போடுகிறார்கள். அதில் இல்மனைட், கார்னெட், சிர்க்கான், மோனசைட் ஆகியவை கலந்திருக்கின்றன. மோனசைட்டில் கதிரியக்கத் தோரியம் உண்டு. பவளத் தொட்டி மணலிலிருந்து நாம் எதிர்பார்க்கும் சுண்ணாம்புச் சத்து அதில் அநேகமாக இல்லை. இல்மனைட் காந்தத்துக்கு இழுபடும் தன்மை கொண்டது என்பதால், கண்ணாடி துடைக்கும் காந்தத்தில் ஒட்டிக்கொண்டு கண்ணாடி முழுவதையும் கீறிவிடும். சுண்ணாம்பாலான அரகோனைட் மணல்தான் சரி.

கொட்டாரம்_புதியவர்:

நானும் தொட்டி தொடங்கும் எண்ணத்தில் இருப்பதால் இதைத் தொடர்ந்து படித்து வருகிறேன். மன்னார் வளைகுடாப் பக்கத்திலிருந்து உயிர்க்கற்களும் வன்பவளத் துண்டுகளும் குறைந்த விலைக்குக் கிடைக்கும் என்று ஒருவர் சொல்கிறார். கடல் கல்லில் நுண்ணுயிர்கள் ஏற்கெனவே இருப்பதால் தொட்டி விரைவில் பக்குவப்படும் என்கிறார். வாங்கலாமா?

தக்கலை_ஆசிரியை:

வாங்கக் கூடாது, அந்த எண்ணத்தையே விட்டுவிடுங்கள். பாறை கட்டும் வன்பவளங்கள் அனைத்தும், கரும்பவளம், தீப்பவளம், ஆர்கன் பைப் பவளம், கடல்விசிறி ஆகியவையும் 2001ஆம் ஆண்டிலேயே 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டுவிட்டன. கடல்குதிரைகளும் கடல் அட்டைகளும் அப்படியே. உயிரோடிருந்தாலும் செத்த கல்லாக இருந்தாலும் பவளத்தை எடுப்பதும் விற்பதும் வாங்குவதும் குற்றம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல் சூடேறி அங்குள்ள பவளங்கள் பெருமளவில் வெளிறின. அதற்கு முன் சுண்ணாம்புக்காகப் பல ஆண்டுகள் அவற்றை வெட்டி எடுத்தார்கள். மிஞ்சியிருப்பதிலிருந்து நம் முன்னறைக்கு ஒரு துண்டும் வரக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

உலர்ந்த செயற்கைக் கற்கள், சுட்ட மண் கற்கள் கிடைக்கின்றன. அவற்றில் நுண்ணுயிர்கள் குடியேற நான்கு முதல் ஆறு வாரங்கள் பிடிக்கும், அவ்வளவுதான். முதலில் அம்மோனியா ஏறும், அடுத்து நைட்ரைட் ஏறும், இரண்டும் பூச்சியமாகி நைட்ரேட் தோன்றும். அதன் பிறகே முதல் மீன். நன்னீர்த் தொட்டி வைத்துப் பழகியவர்கள் இதில் பொறுமை இழப்பதுண்டு. பி.எச். 7 உள்ள நன்னீரில் அம்மோனியாவின் நச்சு வடிவம் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு; 8.2 உள்ள உப்புநீரில் அது கிட்டத்தட்டப் பத்தில் ஒரு பங்காகிவிடுகிறது. அங்கே தப்பிய மீன் இங்கே தப்பாது. மீன்களையும் வளர்ப்பகங்களில் பிறந்தவையாகத் தேர்ந்தெடுங்கள். கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்யும் முறையை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியிருக்கிறது. அதன் விழிஞ்ஞம் மையம் நமக்கு அருகில்தான்.

வடசேரி_வளர்ப்பாளர்:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. உப்புக் கரைசலால் ரிஃப்ராக்டோமீட்டரைச் சரிபார்த்தேன். 41 என்பது உண்மைதான். ஆர்.ஓ. கருவியின் திருகை மூடி ரெசின் குழல் இணைத்துவிட்டேன். நீங்கள் சொன்ன வேகத்திலேயே இறக்கி இன்று 37இல் நிற்கிறது. நத்தைகளில் இரண்டு மீண்டும் கண்ணாடியில் ஏறியிருக்கின்றன. லெதர் கோரல் மேற்பரப்பில் மெழுகு போன்ற ஒரு தோல் பிரிந்து வருகிறது, அது அழுகலா?

இன்னொரு கேள்வி. விசிறியால்தான் இவ்வளவு ஆவியாதல் என்றால், நீரைக் குளிர்விக்கும் சில்லர் கருவி வாங்கிவிடுவது நல்லதா? மழைக்காலத்தில் மின்சாரம் போய்விட்டால் என்ன செய்வது என்பதும் கவலையாக இருக்கிறது.

மார்த்தாண்டம்_தொட்டி:

அது அழுகல் அல்ல. லெதர் கோரல் தன் மேல்தோலை உரிப்பது வழக்கம். நீர் மாறும்போது அப்படிச் செய்யும். அலைப் பம்பின் ஓட்டத்தை நேராக மோதாமல் அதன் மேல் தவழ்ந்து போகும்படி திருப்பி வையுங்கள், தோல் தானே கழன்று போகும். துர்நாற்றம் வந்தாலோ சதை கரைந்தாலோதான் அழுகல்.

ஆரல்வாய்மொழி_காற்று:

சில்லர் பற்றி என் கருத்து. விசிறி குளிர்விப்பது ஆவியாதலால்தான். காற்றில் ஈரம் மிகுந்தால் அதன் ஆற்றல் குறையும். எங்கள் கணவாய்க் காற்றில் விசிறியே போதுமானதாக இருக்கிறது. கல்குளம், விளவங்கோடு பக்கத்து ஈரக்காற்றில் மழை நாட்களில் அது ஏறக்குறையப் பயனற்றுப்போகும்; ஆனால் அந்த நாட்களில் வெப்பமும் தணிந்திருக்கும். உங்களுக்கு 28 டிகிரி விசிறியாலேயே கிடைக்கிறதென்றால் மென்பவளங்களுக்கு அது தாங்கக்கூடியதுதான், நாளுக்கு நாள் ஏறி இறங்காமல் இருந்தால். முதலில் மட்டம் குறைந்ததும் தூய நீரைத் தானாக நிரப்பும் மிதவைக் கருவி ஒன்றைச் சம்பில் பொருத்துங்கள். சில்லரின் விலையில் அது சிறு பங்கு. அதன் நீர்த்தொட்டியைப் பத்துப் பன்னிரண்டு லிட்டருக்கு மேல் வைக்காதீர்கள். மிதவை சிக்கிக்கொண்டு முழுவதும் கொட்டிவிட்டாலும் உப்பளவு இரண்டு பங்குக்குள்தான் இறங்கும். பிற்பாடு சில்லர் வாங்கினால் அதன் சூடான காற்று அதே மூடிய அறைக்குள் வீசாதபடி வெளிப்பக்கம் வையுங்கள். இல்லையென்றால் அறையைச் சூடாக்கி, அந்தச் சூட்டைத் தொட்டியிலிருந்து மறுபடி எடுத்துக்கொண்டே இருக்கும்.

மின்தடை பற்றி நம் மாவட்டத்தாருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வீசிய பிறகு பல ஊர்கள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. மின்சாரம் போனால் முதலில் குறைவது ஆக்சிஜன். வெதுவெதுப்பான உப்புநீரில் அது ஏற்கெனவே குறைவாகத்தான் கரைந்திருக்கும். விளக்கும் ஸ்கிம்மரும் சில்லரும் ஓடாவிட்டாலும் இரண்டொரு நாள் தாங்கும்; நீரோட்டம் நிற்கக் கூடாது. வீட்டு இன்வெர்ட்டரில் அலைப் பம்பு ஒன்றை மட்டும் இணைத்து, அதை நீர்மட்டத்தைக் கலக்கும்படி மேல்நோக்கித் திருப்புங்கள். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் ஏட்டளவில் 1,800 வாட்-மணி இருக்கிறது. அதில் பாதியை மட்டும் நம்பி, இன்வெர்ட்டர் தானே எடுத்துக்கொள்ளும் மின்சாரத்தையும் கழித்தாலும், 15 வாட் பம்பு ஒன்றரை நாள் ஓடும். அதற்கு மேலும் நீண்டால் பேட்டரியில் இயங்கும் காற்றுப் பம்பு ஒன்று கையிருப்பில் வேண்டும். மின்சாரம் இல்லாத நாட்களில் தீனி போடாதீர்கள். கேனிஸ்டர் ஃபில்டர் (மூடிய டப்பா வடிகட்டி) வைத்திருப்பவர்கள், அது பல மணி நேரம் நின்றிருந்தால், உள்ளிருக்கும் நீரைக் கொட்டிக் கழுவிய பிறகே மீண்டும் ஓட விட வேண்டும். உள்ளே செத்த நுண்ணுயிர்களின் நஞ்சு ஒரே மூச்சில் தொட்டிக்குள் வந்துவிடும்.

தொட்டிக்குப் போகும் எல்லா மின்கம்பிகளையும் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கும்படி விடுங்கள். கம்பி வழியே வழியும் உப்புநீர் அந்த வளைவில் சொட்டிவிடும். அந்த இணைப்புக்கு ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி) இல்லையென்றால் மிதவைக் கருவி வாங்குவதற்கு முன்பே மின்பணியாளரை அழைத்து அதைப் பொருத்துங்கள்.